பாப்பா கும்பிட்ட நாட்கள்

எங்கள் தெருவில் என் காலில் படுத்துக் குளிக்காத பிள்ளை கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் பச்சைப் பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது எல்லாருக்கும் வராது. காதுக்குள் போகக் கூடாது, மூக்குக்குள் போகக் கூடாது, பிள்ளை பயந்துவிடக் கூடாது. பெற்றவளுக்கே கை நடுங்கும். எனக்கு நடுங்கியதில்லை. பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து வரும் சின்ன ஊர் எங்களுடையது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து என்னை அழைத்துப் போவார்கள். நானாகப் போய் எந்த வாசலிலும் நின்றதில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் நாலு வருசம் இருந்தேன். அவர் போய்விட்டார், நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அப்போது என் தம்பி கைக்குழந்தை. அவனைப் பெற்ற உடம்போடு படுத்த எங்கள் அம்மா எழுந்திருக்கவில்லை. அவனை வளர்த்தவள் நான். அவனுக்குக் கம்பைநல்லூர் பக்கம் பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் நான். அந்தப் பெண் பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் மூன்றாவதோடு நின்றவள். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். என் சொல்லைத் தாண்டி ஒரு சொம்பு நகர்த்த மாட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்தால் குலசாமி கோயிலில் முடி எடுத்துக் காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்ததும் நானே.

பிள்ளை நல்ல பிள்ளை. மூன்றாம் மாதத்தில் தலை நின்றது. நாலாம் மாதத்தில் தம்பி தும்மினால் போதும், கக்கக்க என்று சிரிக்கும். அவன் வேண்டுமென்றே பொய்த் தும்மல் போடுவான்.

ஐந்து மாதம் முடிந்த சமயம். மத்தியானம் தூளியில் தூங்கி எழுந்த பிள்ளையை எடுத்துப் பாயில் போட்டேன். எதிர்வீட்டுக்காரி மோர் வாங்க வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். பிள்ளையின் தலை திடுமென்று முன்னால் கவிழ்ந்தது. இரண்டு கையும் மேலே எழும்பி முகத்துக்கு முன்னால் சேர்ந்தன. முழங்கால் வயிற்றோடு மடங்கியது. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து பிறகு விட்டது. நான் கவனிப்பதற்குள் மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும். ஏழெட்டுத் தடவை வந்து, பிறகு பிள்ளை களைத்தாற்போல அழுதது.

"ஆத்தாடி! யக்கா, இங்க பாரு, பாப்பா சாமி கும்புடுது!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வயித்து வலியா இருக்கும்டி."

"வயித்து வலிக்கு யாராச்சும் கைய கூப்புவாங்களா? என் பேரனுக்கு வயசு பதினேழு ஆவுது. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா செருப்பு வுட்ட எடத்துலயே நின்னுகிட்டு செல்லு நோண்டுறான். உங்க வூட்டுப் புள்ளையப் பாரு, பல்லு மொளைக்கல, அதுக்குள்ள பூசாரி ஆயிடுச்சு."

தூளிக்கு நேர் எதிரே சுவரில் எங்கள் சாமி படங்கள் வரிசையாக இருக்கின்றன. நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளையின் முகமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒன்பது வருசம் வேண்டி வாங்கிய பிள்ளை, வேறு யாரைக் கும்பிடும்?

அன்றிலிருந்து தூங்கி எழும்போதெல்லாம் பிள்ளை அப்படிச் செய்தது. நான் தூளியைக் கழற்றி இன்னும் கொஞ்சம் படங்களுக்குப் பக்கத்தில் கட்டினேன். செய்தி தெரு முழுக்கப் போய், ஊரைத் தாண்டிப் பக்கத்து ஊருக்கும் போனது. செவ்வாய், வெள்ளியில் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தோட்டத்துச் சாமந்தியை மடி நிறையக் கொண்டுவந்து தூளிக்குக் கீழே கொட்டினாள். பிள்ளை கும்பிடும்போது எதிரே நின்றால் நினைத்தது நடக்கும் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. மகளுக்கு வரன் அமையாத ஒருத்தி, பிள்ளை எழும்வரை ஒரு மணி நேரம் அசையாமல் காத்திருந்து எதிரே போய் நின்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பிள்ளையின் தலை கவிழும்போதெல்லாம், "நல்லா கும்புட்டுக்கோ கண்ணு, உங்கப்பனுக்கும் சேத்துக் கும்புடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெற்றவள் மட்டும் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, பாப்பா சிரிச்சு நாலு நாளாச்சு."

"ஓயாம சிரிச்சிகிட்டே இருக்க அது என்னா டிவி பொட்டியா?"

"அவரு தும்முனா கூடத் திரும்பல, அண்ணி. நான் கூப்பிட்டா சொவத்தப் பாக்குது."

"சொவத்துல சாமி இருக்குது, பாக்குது. உன் மூஞ்சியில என்னா இருக்குது?"

இதைச் சொன்னபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அரிசிக் கழுநீரை எடுத்துக்கொண்டு மாட்டுக்குக் காட்டப் போய்விட்டாள்.

அடுத்த வாரம், பிள்ளை கும்பிடுவதை அவள் செல்லில் படம் பிடித்துவிட்டாள். தம்பியிடம் அவள் காட்டும்போது அதில் என் குரல் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர்க் கண் பட்டதே போதாதென்று செல்லில் போட்டு நாடு முழுக்கக் காட்டப்போகிறாளா என்று கத்தினேன். "அழிச்சிடுடா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னேன். அவன் அவளைப் பார்த்தான். அவள் செல்லை அவன் கையிலேயே விட்டாள். அவன் அழித்துவிட்டான். நான் சொல்லி அவன் மீறியதில்லை. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது சொல்லப்போவதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. குளிக்க ஊற்றும்போது என் கைக்குத் தெரிந்தது. தண்ணீர் பட்டதும் உதைக்கும் பிள்ளை உதைப்பதை விட்டிருந்தது. நின்றிருந்த கழுத்து, என் உள்ளங்கையில் ஈரத்துணி மாதிரி சாய்ந்தது. இத்தனை பிள்ளைகளை எடுத்த கைக்கு எடை தெரியாதா? தெரிந்தது. நாலைந்து நாள் தொடர்ந்து தெரிந்தது. எண்ணெய் அதிகமாகத் தேய்த்துவிட்டேன், அதனால் வழுக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள் வந்தது. அங்கே வேலை பார்க்கும் டீச்சர் எங்கள் தெருப் பெண். தராசில் போட்ட பிள்ளையின் தலை பின்னால் விழுவதைப் பார்த்துவிட்டு அவள் எடையை எழுதாமல் நின்றாள்.

"போன மாசம் தல நின்னுதே. இப்ப ஏன் இப்புடி கீழ வுழுது? அத்தை, ஒடனே கொழந்த டாக்டர்கிட்ட காட்டுங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க."

நாலு தாய்மார்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

"எங்கால்ல கெடந்து மூத்திரம் பேஞ்சவ நீ. எனக்குப் புள்ளையப் பத்திச் சொல்லித் தர்றியா?" என்றேன்.

வரிசையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பெற்றவள் கையில் கொடுத்து, "அக்கா, நீங்க போங்க" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றைக்கே போயிருக்கலாம். பஸ் இருக்கிறது, தம்பியிடம் வண்டியும் இருக்கிறது. ஆனால் எங்களுக்குப் பட்டுப்புழு. ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வளர்க்கிறோம். புழு நாலாம் முறை தோல் உரித்துவிட்டால் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் தின்றுகொண்டே இருக்கும். கொட்டகைக்குள் போனால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். அந்த நாட்களில் வேளாவேளைக்கு இலை போடாவிட்டால் அத்தனையும் வீண். வீட்டில் ஒரு கை குறைந்தாலும் சமாளிக்க முடியாது. புழு கூடு கட்ட ஏறும்வரை எங்கள் பக்கம் யாரும் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார்கள். அன்றைக்குப் புழு தோல் உரித்து எழுந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"புழு ஏறட்டும், அப்புறம் போலாம்" என்றேன்.

பெற்றவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை. பிறகு பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு இலை வெட்டப் போனாள். அந்த ஒன்பது நாளும் மல்பெரிச் செடிக்கு நடுவில் பிள்ளை அவள் முதுகில் கும்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் இலை வெட்டுவதை நிறுத்துவாள். முடிந்ததும் மறுபடியும் வெட்டுவாள். நான் அடுத்த சாலில் இருந்து பார்த்தேன்.

புழு ஏறியது. மறுநாள் காலை நாங்கள் மூவரும் பிள்ளையோடு டவுனில் ஒரு தனி டாக்டரிடம் போனோம். பிள்ளை வழியெல்லாம் தூங்கி, போய்ச் சேர்வதற்கு முன்பே எழுந்து, கும்பிட வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே கும்பிட்டுவிட்டது. டாக்டர் முன்னால் சும்மா படுத்திருந்தது. அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க சொல்றத வெச்சு எனக்குப் புரியலை. வயித்துல காத்து சேர்ந்தாலும் இப்படி மடக்கும். வீடியோ ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் மேசைமேல் இருந்த பொம்மைக் குடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லைங்க சார்" என்றாள். "எடுக்கலைங்க."

வயிற்றுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மறுபடி அப்படிச் செய்தால் வீடியோ எடுத்துக்கொண்டு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், இங்கே வந்து நேரத்தைக் கழிக்காதீர்கள் என்று அவராகவே சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பாதி வழி வந்ததும் நான், "செல்லக் குடு" என்றேன். "எதுக்கு?" என்றாள். "படம் புடிக்க எங்க அமுக்கணும், காட்டு" என்றேன். பஸ் குலுங்குகிற குலுங்கலில் அவள் காட்டினாள். சிவப்பு வட்டம். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே போன ரோட்டைப் பிடித்துப் பழகினேன். பாதி என் விரல்தான் தெரிந்தது.

மறுநாள் காலை தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை அசைந்ததும் பெற்றவள் எடுத்துப் பாயில் போட்டாள். நான் செல்லைத் தூக்கிப் பிடித்தேன். தலை கவிழ்ந்தது. அன்றைக்குத்தான் நான் அதைக் கும்பிடு என்று நினைக்காமல் பார்த்தேன். கண் மேலே சொருகியது. இத்தனை நாள் அந்தக் கண்ணை நான் பார்க்கவே இல்லை, கையை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிள்ளையின் முகம், தெரியாத வீட்டில் வழி தவறி நிற்பவர்களின் முகம் மாதிரி இருந்தது. இருபத்து மூன்று தடவை. நான் வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். செல்லை வாங்கிப் பார்த்தார். என் குரல் அதில் எண்ணிக்கொண்டு போனது. ஐந்து வரைக்கும்தான் அவர் பார்த்தார். உடனே பக்கத்தில் இருந்த நர்சிடம் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது வலிப்பு."

"வலிப்புன்னா நொர தள்ளுமே, கையி காலு இழுக்குமே" என்றேன். "இது கும்புடுதுங்க."

"கும்பிடுற மாதிரிதாம்மா இருக்கும். இந்த வயசுக் குழந்தைக்கு இந்த வலிப்பு இப்படித்தான் வரும். இது வந்துட்டே இருந்தா மூளை வளர விடாது. கத்துக்கிட்டதும் மறந்து போகும். சிரிப்பு நின்னுருக்குமே?"

பெற்றவள் ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு வெளியே வந்த சத்தம்.

"எத்தனை நாளா இருக்கு?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இரண்டு பேருமே எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒன்னர மாசங்க" என்றேன். "இந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு. படமும் புடிச்சா. நான்தான் அழிக்கச் சொன்னேன். புழு இருக்குதுன்னு நிறுத்தி வெச்சதும் நான்தான்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் "சரி" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அன்றைக்கே படுக்கையில் சேர்த்தார்கள். பிள்ளையின் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளை ஓடுவதைக் காகிதத்தில் கோடாக எடுத்தார்கள். நான் அதிகம் படிக்காதவள், ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கே தெரியும், கண்டபடி கிறுக்கி வைத்திருந்தது. மாத்திரையைப் பொடித்துத் தேனில் இல்லை, தண்ணீரில் கலக்கி, நாளுக்கு நாலு வேளை கொடுத்தோம். தேன் கொடுக்கக் கூடாது என்று நர்சு என் கையைத் தட்டிவிட்டாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் நாக்கில் தேன் தடவியவள் நான்.

அந்த மருந்து பிள்ளையை ஒரு வாரத்தில் வேறு பிள்ளையாக்கிவிட்டது. முகம் உப்பி, கண் சிறுத்து, கன்னம் தொங்கியது. எந்நேரமும் பசி. பால் கொடுத்தால் அழும், கொடுக்காவிட்டாலும் அழும். பெற்றவள் வார்டில் நடந்துகொண்டே இருந்தாள். அவள் கால் வீங்கியதை நான்தான் கவனித்தேன். "குடு, நான் வெச்சிக்கிறேன்" என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கோபமாகவும் மறுக்கவில்லை. பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அடுத்த கட்டில் வரை நடந்து போய்விட்டாள். நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மருந்து உடம்பின் எதிர்ப்பைக் குறைத்துவிடும், கூட்டம் சேர்க்கக் கூடாது, சளி இருமல் உள்ளவர் பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. வாசலில் ஒரு பெண், கூடவே அவள் மருமகள். தாம்பாளத்தில் தேங்காய், பூ, பழம். எங்கள் ஊர் இல்லை, பார்த்த முகமில்லை.

"கும்புடுற பாப்பா இருக்குற வூடு இதானுங்க?"

"எதுக்கு?"

"என் மருமவளுக்கு அஞ்சு வருசமா ஒண்ணும் தங்கலைங்க. பாப்பா முன்னால ஒரு நிமிசம் நின்னுட்டுப் போயிடறோம்."

அந்த மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருசம் இந்த வீட்டுப் பெண் இப்படித்தான் கோயில் கோயிலாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள், என் பின்னால்.

"அது கும்புடலைங்க" என்றேன். "வலிப்பு. நாங்க தெரியாம கும்புடுதுன்னு நெனச்சிட்டோம்." நாங்கள் என்று சொன்னது வாயில் கசந்தது. "நான் நெனச்சிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னதும் நான்தான். புள்ளைக்குச் சிரிப்பே போயிடுச்சு."

அந்த அம்மாள் நம்பவில்லை. வெளியூர்க்காரர்களைத் தவிர்க்கச் சொல்லும் சாக்கு என்று நினைத்துவிட்டாள். "எட்ட இருந்தே பாக்குறோமுங்க" என்று கெஞ்சினாள். நான் வாசலை மறைத்து நின்றேன். கடைசியில் தாம்பாளத்தோடு வந்ததை எல்லாம் படியில் வைத்து, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். எட்டிப் பிடித்துத் தடுக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேங்காயை உடைக்கவும் மனம் வரவில்லை, வீசவும் மனம் வரவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையில் வைத்தேன். குடுமி காய்ந்து, அங்கேயே கிடந்தது.

மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாளிலிருந்து வலிப்பு குறைந்தது. பன்னிரண்டாம் நாள் ஒன்றும் வரவில்லை. பதின்மூன்றாம் நாளும் வரவில்லை. தம்பி கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதான். மறுபடி ஒயர் ஒட்டிப் பார்த்த டாக்டர், கோடு முன்னைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் திரும்பி வரலாம், ஒரு நாளும் கவனிக்காமல் விடக் கூடாது என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளை தூங்கி எழுவதுதான் பெரிய பயம். எழுந்ததும் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்போம். பிள்ளையின் தலையையே பார்த்திருப்போம். அந்த நேரம் கழிந்ததும் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரவர் வேலைக்குப் போவோம்.

வலிப்பு நின்றது, சிரிப்பு வரவில்லை. ஏழு மாதம், எட்டு மாதம், பத்து மாதம் ஆனது. வாரம் ஒரு நாள் தருமபுரிக்குக் கூட்டிப் போய் உடற்பயிற்சி கொடுக்கிறோம். பெரிய பந்தின்மேல் குப்புறப் போட்டு உருட்டுகிறார்கள், மணி ஆட்டிப் பார்க்க வைக்கிறார்கள். வீட்டிலும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி தினமும் பிள்ளை முன்னால் உட்கார்ந்து தும்முவான். முகத்தைக் கோணலாக்கி, பெரிதாகச் சத்தம் போட்டுத் தும்முவான். பிள்ளை அவனைத் தாண்டி எங்கேயோ பார்க்கும். ஒரு நாள் அவன் தும்மிக்கொண்டே இருந்தான், நிறுத்தவில்லை. பெற்றவள் போய் அவன் வாயைப் பொத்தினாள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த வாரம், யாரிடமும் சொல்லாமல் நான் தனியாகப் பஸ் ஏறினேன். பென்னாகரத்துக்கு உறவு வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, கைக்குழந்தைகளோடு நிற்கும் வரிசையில் வெறுங்கையோடு நின்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், "பாப்பா எங்கே? மறுபடி வந்துடுச்சா?" என்று எழுந்துவிட்டார்.

"இல்லைங்க. ஒண்ணு கேக்கணும். மொத நாளே கூட்டிட்டு வந்திருந்தா, புள்ள சிரிக்குமா?"

அவர் பேனாவை மூடினார். பின்னால் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

"சீக்கிரம் வந்திருந்தா நல்லதும்மா. எவ்வளவு நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்கு முதல் நாளே கொடுத்தாலும் இப்படி ஆகுது. சில குழந்தைங்க தாமதமா வந்தும் தேறிடுது. உங்க பாப்பா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியலை."

"குளிக்க ஊத்தும்போது என் கைக்குத் தெரிஞ்சுதுங்க. கழுத்து சாயுதுன்னு தெரிஞ்சுது. நான் சொல்லலை."

இதை முதல் தடவை வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். மன்னிக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "இப்ப தலை நிக்குதா?" என்று கேட்டார். "கொஞ்சம் நிக்குதுங்க" என்றேன். "அதுக்கான பயிற்சியை விடாம செய்யுங்க" என்றார்.

வீடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெற்றவள் மல்பெரி இலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றாமலே, பென்னாகரம் போகவில்லை, தருமபுரி போனேன் என்றேன். என்ன கேட்டேன் என்றும் சொன்னேன். அவள் கத்தினால் கத்தட்டும், வெளியே போ என்றால் போகலாம் என்ற எண்ணத்தோடு நின்றேன்.

அவள் துணியை முறுக்கி முடித்தாள்.

"நானும் போய்க் கேட்டேன், அண்ணி" என்றாள்.

"எப்ப?"

"போன மாசம். பயிற்சிக்குப் போனப்ப, அவர வெளிய நிக்க வெச்சிட்டு. நீங்க அழிக்கச் சொன்னப்ப நான் ஏன் செல்ல அவருகிட்ட குடுத்தேன்? நீங்க புழு ஏறட்டும்னப்ப நான் ஏன் எல வெட்டப் போனேன்? பஸ்ஸுக்கு எனக்கு வழி தெரியாதா? அதத்தான் கேட்டேன். எனக்கும் அதேதான் சொன்னாங்க. தெரியலைன்னு."

"நீ என்னா பண்ணுவ. நான் இருக்கும்போது..."

"நான் அம்மா, அண்ணி."

இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பாயில் பிள்ளை புரண்டது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டோம். அது கண்ணைத் திறந்தது. எழுந்ததும் வருகிற அந்த நேரம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளையின் கை கொஞ்சம் அசைந்து, பாய் ஓரத்துக் கோரையைத் தடவி, அங்கேயே இருந்தது. தலை கவிழவில்லை. நான் எண்ணவில்லை. பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.